பாறசாலை பக்கம் மனை வாங்கப் போறீங்களா? மண்ணின் நிறத்தையும் 'நிலம்' என்ற சொல்லையும் முதலில் பாருங்க

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கழக்கூட்டத்தில் இருந்து தமிழக எல்லையை ஒட்டிய காரோடு வரை நான்குவழிப் பைபாஸும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வேலை, வீடு மட்டும் எல்லைப் பக்கம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், திருப்புறம் போன்ற ஊர்கள் வசதியாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பக்கம் மனை தேடினால் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும்: "ரோட்டுக்குப் பக்கம், விலையும் குறைவு, தண்ணிக்குக் கவலையே இல்லை, பத்தடி தோண்டினா போதும்." கடைசி வரியைக் கேட்டதும் நாம் மகிழ்ந்துபோகிறோம். உண்மையில் யோசிக்க வேண்டிய வரி அதுதான். தண்ணீர் இவ்வளவு மேலே நிற்கிறது என்றால், அந்த மண்ணுக்கு ஒரு குணம் இருக்கிறது என்று பொருள். அந்தக் குணம் உங்கள் அஸ்திவாரம், கிணறு, செப்டிக் டேங்க் எல்லாவற்றையும் தொடும். கேரளச் சட்டத்தில் அதற்குத் தனி இடமும் உண்டு.

எல்லை பிரிந்தது, மண் பிரியவில்லை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்தது. ஒட்டியிருந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே இருந்துவிட்டது. களியக்காவிளையில் இருந்து இஞ்சிவிளைக்கு நடந்து போனால் போர்டில் இருக்கும் எழுத்து மாறும். காலுக்குக் கீழே இருக்கும் மண் மாறாது.

இந்தப் பகுதியின் நில அமைப்பை மூன்று படிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்படி, செம்மண்ணும் வெட்டுக்கல்லும் உள்ள சிறு குன்று. நடுப்படி, குன்றின் சரிவு. குமரி மாவட்டத்துக்காரர்கள் 'விளை' என்று சொல்லும் தென்னை, மரச்சீனி, வாழைத் தோட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான். கீழ்ப்படி, இரண்டு குன்றுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நெல்வயல் பள்ளம். அதற்கு எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பெயர்: ஏலா.

இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தமிழில் செங்கல் என்றால் சூளையில் சுட்ட கல். மலையாளத்தில் 'செங்கல்லு' என்றால் பூமியில் இருந்து நேராக வெட்டி எடுக்கும் வெட்டுக்கல், அதாவது லேட்டரைட். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் மலப்புரம் அருகே அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, 1807-இல் வெளியான நூலில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். 'செங்கல்' என்று பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் அது.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதிக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. கேரளத்தில் செவ்வண்டல் வகையான சிவப்பு லோம் மண் அதிகம் காணப்படுவது இங்கேதான். சரளைக்கல் இல்லாத, ஆழமான, தண்ணீரை வேகமாகக் கீழே விடும் மண் அது. அதே சரிவில் இருந்து அடித்துவரப்பட்ட மண் ஏலாவில் படிந்து, ஆண்டுக்கணக்காகத் தண்ணீரில் ஊறி, பழுப்பும் சாம்பலும் கலந்த வேறொரு மண்ணாக மாறிவிடுகிறது. மண் ஆய்வாளர்கள் அதை 'பிரவுன் ஹைட்ரோமார்ஃபிக்' மண் என்கிறார்கள். நீரால் உருமாறிய பழுப்பு மண் என்று வைத்துக்கொள்ளலாம்.

குன்றின் மேல் வாங்கினால் பிரச்சினை குறைவு. வயலின் நடுவே யாரும் ஏமாந்து வாங்க மாட்டார்கள், பார்த்தாலே வயல் என்று தெரியும். சிக்கல் இரண்டும் சந்திக்கும் ஓரத்தில்தான். மார்ச்சில் காய்ந்து சாதாரணத் தோட்டம் மாதிரி இருக்கும். நவம்பரில் கால் புதையும். முதலில் மண் அடித்து மேடாக்கப்படுவதும், மனையாக விற்பனைக்கு வருவதும் இந்த ஓரம்தான்.

'சுமாராக வடியும்' மண் என்றால் என்ன?

லோம் என்பது மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண். களி சுமார் 7 முதல் 27 சதவீதம், வண்டல் 28 முதல் 50 சதவீதம், மணல் 52 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருந்தால் அது லோம். பயிருக்கு நல்ல கலவை. ஈரத்தையும் பிடிக்கும், காற்றையும் விடும்.

ஆனால் மண்ணின் கலவை வேறு, வடிகால் வேறு. உலகம் முழுக்க மண் ஆய்வில் வடிகாலை ஏழு படிகளாகப் பிரிக்கும் முறை ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறி வேகமாக வடியும் மணல் முதல் படி, எப்போதும் ஊறிக் கிடக்கும் சதுப்பு ஏழாவது படி. நாம் பேசும் ஓர மண் ஐந்தாவது படி. ஆண்டு முழுக்க ஈரம் நிற்காது. ஆனால் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு அடி ஆழத்திலேயே தண்ணீர் வந்து, வாரக்கணக்கில் போகாமல் நிற்கும். அமெரிக்க மண் வரைபடங்கள் இதை 'ஓரளவு மோசமான வடிகால்' என்று எழுதும். இந்திய மண் ஆய்வில் 'முழுமையடையாத வடிகால்' என்ற பொருள்படும் சொல் புழங்குகிறது.

ஏன் வடியாமல் நிற்கிறது?

பொதுவாக நான்கு காரணங்கள்.

ஒன்று, இருக்கும் இடம். குன்றில் பெய்த மழை செம்மண் வழியாக இறங்கி, பக்கவாட்டில் கசிந்து, ஏலா ஓரத்தில் வெளியே வருகிறது. மழை நின்ற பிறகும் மேலே இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

இரண்டு, கீழே இருக்கும் கெட்டித் தட்டு. தலைமுறை தலைமுறையாகச் சேற்று உழவு செய்த வயலில், உழும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டுபோல ஆகிவிடும். சில இடங்களில் இரும்பு சேர்ந்து கட்டியாகி, தண்ணீரை மறிக்கும்.

மூன்று, மழை. கேரளத்தின் வடக்கு மாவட்டங்கள் போல இங்கே ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையோடு கதை முடிவதில்லை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நிலத்தடி நீர் இறங்க ஆரம்பிக்கும்போது மறுபடி ஏறிவிடும்.

நான்கு, கடல் மட்டம். அகத்தியமலைப் பக்கம் பிறக்கும் நெய்யாறு சுமார் 56 கிலோமீட்டர் ஓடி பூவாறில் கடலில் சேர்கிறது. அங்கே பொழிமுகம் மணல் திட்டால் அடைபட்டிருக்கும்போது, ஆற்றுநீர் வெளியேற வழியில்லாமல் பின்னால் தேங்கும். பூவாறு, பொழியூர், குளத்தூர் பக்கத் தாழ்நிலங்களில் வடிகால் மந்தமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடையிலும் காட்டிக்கொடுக்கும் நிறம்

மனை பார்க்க நாம் போவது பெரும்பாலும் லீவு கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில். அப்போது தண்ணீர் இருக்காது. ஆனால் தண்ணீர் நின்ற தடம் மண்ணில் இருக்கும்.

செம்மண்ணின் சிவப்பு இரும்பால் வருவது, காற்றுப் பட்டுத் துருப்பிடித்த இரும்பு. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்தால் காற்று வெளியேறிவிடும். ஆக்சிஜன் கிடைக்காத நுண்ணுயிர்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போது இரும்பு தண்ணீரில் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறி இடம்பெயரும். இரும்பு போன இடம் சாம்பல் நிறமாகும். தண்ணீர் வடிந்து, வேர் போன துளை வழியே காற்று உள்ளே வந்ததும், கரைந்த இரும்பு மறுபடி துருவாகி ஆரஞ்சு நிறக் கோடாகப் படியும்.

அதனால் மூன்று, நான்கு அடிக்கு ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒரே சிவப்பாக இருந்தால் நல்லது. சாம்பல் பின்னணியில் துருப் புள்ளிகளும் கோடுகளும் கலந்திருந்தால், அந்த ஆழம் வரை ஆண்டுதோறும் தண்ணீர் ஏறி இறங்குகிறது. ஒன்றரை அடியிலேயே தெரிந்தால் நாம் பேசும் மண் அதுதான். முழுக்கச் சாம்பலோ நீலம் கலந்த சாம்பலோ இருந்தால் அது வயலே. மேலே இரண்டடிக்குச் சிவப்பு, அதற்குக் கீழே சட்டென்று கறுப்பு அல்லது சாம்பல், நடுவில் கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு கோடு என்றால், யாரோ லோடு லோடாகச் செம்மண் கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள்.

இன்னொரு அடையாளம். ஓரத்து வாய்க்காலில் எண்ணெய் மாதிரி மினுங்கும் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் என்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். துண்டு துண்டாக உடைந்தால் அது இரும்புப் படலம்.

மண் அடிச்சு உயர்த்திட்டா சரியாகிடாதா?

உங்கள் தரை உயரும். நிலத்தடி நீருக்கு அது தெரியாது.

கோயம்புத்தூர், மதுரைப் பக்கக் கரிசல் மண்ணில் வீடு வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கேரள மண்ணில் அதிகம் இருப்பது கயோலினைட் வகைக் களி, அது அவ்வளவாக உப்பாது. இங்கே விரிசல் வந்தால் பெரும்பாலும் வேறு காரணம்: அடித்த மண் சரியாக இறுகாமல் அமிழ்வது, அதுவும் ஒரே சீராக அமிழாமல் இருப்பது. வீட்டின் ஒரு மூலை பழைய கெட்டி மண்ணிலும், மறுமூலை புதிதாக அடித்த மண்ணிலும் நின்றால் நடுச்சுவர்தான் அதற்கு விலை கொடுக்கும்.

செப்டிக் டேங்கில் இருந்து வரும் நீர் உறிஞ்சு குழியில் இறங்க வேண்டுமென்றால், குழிக்குக் கீழே காய்ந்த மண் இருக்க வேண்டும். நவம்பரில் அந்தக் குழியே தண்ணீரில் மூழ்கியிருந்தால் கழிவு எங்கே போகும்? பக்கத்துக் கிணற்றுக்கு. குடிநீர்க் கிணற்றில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி உறிஞ்சு குழி இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. நீர்மட்டம் உயர்ந்த 5 சென்ட் மனையில், உங்கள் கிணறு, உங்கள் குழி, அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாவற்றையும் வைத்து அந்த இடைவெளியைக் காப்பது லேசான வேலை இல்லை. அப்படியே காத்தாலும் ஊறிய மண்ணில் அது போதாமல் போகலாம்.

கிணற்று நீரிலும் இரும்பு வரும். இறைத்தவுடன் தெளிவாக இருக்கும், பக்கெட்டில் கொஞ்ச நேரம் வைத்தால் மஞ்சளாகும். ஃபில்டர் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும் மண் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பக்கத்துக் குன்றை வெட்டித்தான். மழைநீரைக் குடித்து மெல்ல விடும் குன்றும் போகிறது, அதை வாங்கிக்கொள்ளும் பள்ளமும் போகிறது. வெட்டிய செம்மண் சரிவு மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை 2021 நவம்பரில் பார்த்தோம். பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் பாதையில் மண் சரிந்து, ரயில்கள் ரத்தாயின.

பயிருக்கு எப்படி?

வீட்டுக்குத் தொல்லை தரும் இதே மண், பயிருக்குச் சொத்து. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த ஏலாக்கள் இவை. ஓரத்தில் மேடு கட்டி, நடுவே வாய்க்கால் விட்டால் ஏத்தன் வாழை வரும். சேம்பு வரும். மேடு கட்டாமல் மரச்சீனி நட்டால் கிழங்கு அழுகிவிடும்.

கவனிக்க வேண்டியது புளிப்புத்தன்மை. ஊறிய மண்ணில் கரையும் இரும்பு அதிகமானால் நெல்லின் இலையில் துரு நிறப் புள்ளிகள் விழும், வேர் பழுதாகும். அதனால்தான் கேரள வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ சுண்ணாம்பு, இரண்டு தவணையாகப் போடச் சொல்கிறது. அம்மா வழியில் வந்த பத்து, இருபது சென்ட் ஏலா ஓரம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், விற்பதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

பத்திரத்தில் 'நிலம்' என்றிருந்தால் உஷார்

தமிழில் நிலம் என்றால் எந்த இடமும் நிலம்தான். கேரள வருவாய்த் துறைப் பதிவுகளில் அப்படி இல்லை. அங்கே 'நிலம்' என்றால் நெல்வயல். வீடோ தோட்டமோ உள்ள மேட்டு இடத்துக்கு 'புரயிடம்' என்று பெயர். நம்ம ஊர் நஞ்சை, புஞ்சை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மலையாளப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "நிலம்னுதானே போட்டிருக்கு, சரிதான்" என்று கையெழுத்துப் போட்டால் நீங்கள் வாங்கியது வயல்.

2008 ஆகஸ்டில் அமலுக்கு வந்த கேரள நெல்வயல், தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்புவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். நிரப்பிய மண்ணை எடுத்து, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் ஆட்சியர் உத்தரவிடலாம். சொந்த வீட்டுக்கு மிகச் சிறிய அளவில் விலக்கு உண்டு. அது வேறு இடம் இல்லாத உரிமையாளருக்காக வைக்கப்பட்டது, கேட்டவுடன் கிடைப்பது இல்லை.

ஒவ்வொரு ஊரிலும் எந்தெந்த சர்வே எண் வயல் என்ற பட்டியல் இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் 'டேட்டா பேங்க்' என்கிறார்கள். உங்கள் மனை கீழே உள்ள மூன்றில் ஒன்றாக இருக்கும்.

பதிவேட்டில் புரயிடம், டேட்டா பேங்கிலும் இல்லை: சட்டப்படி சிக்கல் குறைவு.

பதிவேட்டில் நிலம், ஆனால் டேட்டா பேங்கில் இல்லை: 2018 திருத்தத்தின்படி படிவம் 6-இல் விண்ணப்பித்துத் தரம் மாற்ற வேண்டும். 50 சென்டுக்கு மேல் என்றால் படிவம் 7. கட்டணம் நியாய விலையில் 10 சதவீதம், 25 சென்ட் வரை நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

டேட்டா பேங்கிலேயே இருக்கிறது: முதலில் படிவம் 5 கொடுத்து, 2008-க்கு முன்பே அது வயலாக இல்லை என்று நிரூபித்து, பட்டியலில் இருந்து நீக்க வேண்டும். கிருஷி பவன் அதிகாரியின் அறிக்கையும், மாநிலத் தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் படமும் இதில் பேசும். "நாங்க பார்த்துக்குறோம் சார்" என்று புரோக்கர் சொன்னாலும், உத்தரவு கைக்கு வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தமிழகப் பக்கம் வாங்கினாலும் இதே மண்தான். அங்கே நஞ்சையா புஞ்சையா என்பதோடு, நகர் ஊரமைப்புத் துறையின் மனை அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

1974-75-இல் கேரளத்தில் நெல் விளைந்த பரப்பு 8.82 லட்சம் ஹெக்டேர். 2016-17-இல் அது 1.71 லட்சம் ஹெக்டேர். போனது நெல் மட்டும் என்றால் அரிசியை வெளியே இருந்து வாங்கிக்கொள்ளலாம். ஒரு ஏக்கர் ஏலாவில் வெறும் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி என்றால் 33 லாரிக்கு மேல். அந்த ஒரு ஏக்கரை மண் போட்டு மூடினால், அடுத்த மழையில் அத்தனை தண்ணீரும் பக்கத்து வீட்டு வாசலுக்கோ ரோட்டுக்கோதான் போக வேண்டும். கோடையில் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு வந்துகொண்டிருந்த ஊற்றும் குறையும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, மழை பெய்து இரண்டு நாள் கழித்து ஒருமுறை இடத்தைப் போய்ப் பாருங்கள். கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பக்கத்து வீட்டில் கேளுங்கள்: "சேச்சி, மழைக்காலத்துல உங்க கிணத்துல தண்ணி எவ்வளவு மேல வரும்?" அவர்களுக்கு அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

குழி வெட்டி நிறம் பாருங்கள். ஒரு அடிக் குழியில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளங்கள். 2.5 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் உறிஞ்சு குழி வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம்.

கோரை, காட்டுச் சேம்பு தானாக முளைத்திருக்கிறதா, மனையை ஒட்டி தோடு ஓடுகிறதா, அதை யாராவது மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டையும், கிருஷி பவனில் டேட்டா பேங்கையும் சர்வே எண் வைத்துச் சரிபாருங்கள். கரம் கட்டிய ரசீதில் நிலமா, புரயிடமா என்பதையும் பாருங்கள். மலையாளம் தெரிந்த, உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கட்டணமும் விலக்கும் மாறிக்கொண்டே வருவதால், அன்றைய நிலையை அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்கனவே வாங்கியாச்சு, காகிதமும் சுத்தம் என்றால் பயப்பட வேண்டாம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து மண் பரிசோதனை செய்து, பழைய கெட்டி மண் வரை அஸ்திவாரத்தை இறக்குங்கள். தரையை உயர்த்தி, உறிஞ்சு குழிக்குப் பதிலாக நீர் கசியாத மூடிய தொட்டி வையுங்கள். தோட்டின் வழியை மறிக்காதீர்கள்.

மண் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆசையா? திருவனந்தபுரம் பாரோட்டுகோணத்தில் கேரள மண் ஆய்வுத் துறையின் மண் அருங்காட்சியகம் 2014 ஜனவரி 1 முதல் இருக்கிறது. மாநிலத்தின் 82 வகை மண்களின் செங்குத்து வெட்டுத்தோற்றத்தை அங்கே அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிவப்பு எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்பதை ஒருமுறை அங்கே பார்த்துவிட்டால், அடுத்த தடவை மனைக்குழிக்குள் எட்டிப் பார்க்கும்போது யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.